மூன்றாம் தலைமுறை மாதுளை

பழத்தையும் செம்பையும் மேஜைமேல் வைத்து எண்ணெய் வண்ணத்தில் படம் தீட்டுகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். நான் சொல்வது வேறு இனம்: தீட்டப்போகிறவர்கள். கையில் எப்போதும் ஒரு கடைப்பை இருக்கும்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுவீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்று தங்கை கேட்டாள், அவ்வளவுதான். பன்றிமுடித் தூரிகை வந்தது, அதற்குத் துணையாக அணில்முடித் தூரிகை வந்தது, கேன்வாஸ் வந்தது, அதைச் சாய்த்து வைக்க மூன்றுகால் சட்டம் வந்தது, ஆளிவிதை எண்ணெய் வந்தது, டர்பன்டைன் வந்தது, அதன் நெடி தாங்காமல் மனைவியின் நாற்காலி பால்கனிக்குப் போனது. சாப்பாட்டு மேஜையில் செம்பும் மாதுளையும் குடியேற, குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. முதல் மாதுளை சுருங்கியது. இரண்டாவதும். மூன்றாம் தலைமுறை மாதுளை மேஜையேறிய அன்று அவர் இன்னொரு வெள்ளை வாங்கக் கிளம்பினார்.

"அதான் ஒரு வெள்ளை இருக்கே?" என்றாள் மனைவி.

"அது வேற. 'ஜிங்க் ஒயிட் இல்லாம எப்படி சார்?'னு பெயின்ட் கடைக்காரரே கேக்குறாரு."

"பழம் சிவப்பு. செம்பும் கிட்டத்தட்ட சிவப்பு. வெள்ளை எங்கேங்க இருக்கு?"

"பழத்து மேல விழுற வெளிச்சம் வெள்ளைம்மா."

"அது ஜன்னல் வழியா சும்மாதானே வருது!"

பெயின்ட் கடைக்காரர் கேட்டபிறகு மனைவி கேட்டு என்ன பயன்?

அப்போதுதான் தங்கையின் ஃபோன் வந்தது. "அண்ணா, ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் படம் வரலைன்னா, இவர் பைக்கோட நிக்கிற ஃபோட்டோவைப் பெரிசு பண்ணி மாட்டிடுவாராம். ஆள் உயரம்! ஆயுசுக்கும் அதைப் பார்த்துக்கிட்டே நான் சோறு திங்கணும். எப்படியாவது காப்பாத்து."

ஞாயிறு வந்தது. வாங்க எதுவும் மிச்சமில்லை. இதைவிடப் பயங்கரமான நிலைமை இந்த இனத்துக்கு உண்டா? தீட்டும்போது கையை ஊன்றிக்கொள்ள ஒரு கோல் வேண்டும் என்று அவர் வாயெடுப்பதற்குள் மனைவி ஒட்டடைக் கம்பை நீட்டினாள். தப்ப வழியில்லை. தூரிகையைச் சிவப்பில் தொட்டார். ஒரு பொட்டு வைத்தார். எட்டு மாதமாக மனத்துக்குள் விளக்குப்போல எரிந்துகொண்டிருந்த மாதுளை, கேன்வாஸில் கொசுக்கடியாக வந்து இறங்கியிருந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"கேன்வாஸ் சரியில்ல," என்றார்.

அடுத்த வாரம் தங்கை வீட்டில் சாப்பாடு. மேஜைக்கு நேர் எதிரே, கறுப்புக் கண்ணாடி அணிந்து, பைக்கின்மேல் ஒரு கையை ஊன்றி, சுவர் நிறைய மாப்பிள்ளை.

"கொஞ்சம் பொறும்மா. வேற கேன்வாஸ் சொல்லியிருக்கேன்," என்றார் அண்ணன், தட்டைப் பார்த்தபடி.

"அவசரமில்லண்ணா." தங்கை தண்ணீர் ஊற்றினாள். "முன்சக்கரம் பழகிடுச்சு."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் நல்ல கேன்வாஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கதை சொல்கிற இவன் கடைசிவரை சொல்லவில்லையே என ஒரு கணம் மனம் குறைபட்டதா? அப்படியானால் உங்கள் விரல்களைக் கொஞ்சம் காட்டுங்கள்.

வண்ணமே படாமல் ரொம்பச் சுத்தமாக இருக்கின்றன.