பீரோவுக்குள் வேலைக்குப் போனவர்

பீரோவில் பட்டுப்புடவை வைப்பார்கள், நகை வைப்பார்கள், நிலப்பத்திரம் வைப்பார்கள். தன்னையே உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உத்தியோகம் பார்த்த மனிதர், இந்தக் கும்மிடிப்பூண்டித் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் தேடினாலும் ஒருவர்தான் உண்டு. இனி ஒருவர் வரப் போவதுமில்லை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஏனென்றால், பீரோ என்னுடையது.

வீட்டுக்குப் பின்னால் மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். கடைசிப் போர்ஷனுக்கு அவர், மனைவி வசந்தியோடு குடிவந்தார். அக்ரிமெண்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால், எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று அழைக்கும் வீடுகள் உண்டு. அவருடைய நாலு வயது மகள் போனில் “நைனா! நைனா!” என்று போடுகிற கூச்சல் மூன்று போர்ஷனுக்கும் கேட்கும். ஒரே மாதத்தில் அவர் எங்கள் எல்லோருக்கும் நைனா ஆகிவிட்டார். பீரோ பிற்பாடுதான் அந்தப் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மகள் போனில்தான் இருந்தாளே தவிர, வீட்டில் இல்லை. நைனா ஒரு கம்பெனியில், வசந்தி இன்னொரு கம்பெனியில். இருவருக்கும் ஷிப்டு மாறி மாறி வரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஒன்றரை வயதில் ஆரம்பாக்கத்தில் வசந்தியின் தாயாரிடம் விட்டவர்கள்தான். ரயிலில் ஏறினால் அரைமணிகூட ஆகாத ஊர். ஆனாலும் இருவருக்கும் லீவு ஒத்துவந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் போக முடியும். போய்த் திரும்புகிற அன்று நைனா சாப்பிட மாட்டார். பாப்பாவின் ஒற்றைச் செருப்பு, உடைந்த வளையல் என்று எதையாவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அடுத்த முறை போனால், மாமியார் அந்தச் செருப்பைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில் அவர் கம்பெனி கான்டிராக்ட் ஆட்களை நிறுத்தியது. மற்றவர்கள் தலையில் கைவைத்தார்கள். நைனா லட்டு வாங்கி வந்தார்.

“வேல போச்சுன்னு ஸ்வீட்டு குடுக்குறியே, ஒன் மண்டைல இன்னா கீது?” என்று கேட்டேன்.

“இனிமே ஊட்ல இருந்துகினே ஆன்லைன்ல வேல பெரிம்மா. பாப்பாவ இட்டாந்துடலாம்!”

வசந்தி லட்டைத் தொடவில்லை. “இஸ்கூல் தெறக்குற வரைக்கும் டைம்மு. அதுக்குள்ள நெலையா ஒரு வேல கெடச்சா பாப்பா இங்க வரட்டும். இல்லாங்காட்டி எங்கம்மா அங்கியே இஸ்கூல்ல சேத்துடும். நீயும் பேசாம ஷிப்டுக்குப் போயிடணும்” என்றாள். “ஒரு வாட்டி சேத்துட்டா, அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் அங்கதான்யா” என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அப்போது பொங்கல் முடிந்த சமயம்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் வேலை கொடுக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று இன்டர்நெட்டில் ஒரு சந்தை இருக்கிறதாம். அதில் போட்டோ போட வேண்டும் என்றதும், நைனா தன் கல்யாணப் போட்டோவைப் போட்டார், மாலையோடு. பதினைந்து நாள் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

“செத்துட்டவன் போட்டோன்னு நெனச்சிருப்பானுங்க” என்றாள் வசந்தி.

மாலையில்லாத போட்டோ போட்ட பிறகு ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டார்: எக்செல் தெரியுமா? எக்செல் என்றால் எங்கள் ஊரில் வண்டி. நெல்மூட்டை, கேஸ் சிலிண்டர், மாமியார் என்று எதையும் ஏற்றிக்கொண்டு போகிற மொபெட். நைனா பெருமையாகப் பதில் போட்டார்: பத்து வருட அனுபவம், இரண்டு மூட்டையோடு மேம்பாலம் ஏறுவேன். அந்த மனிதர் ஏதோ தமாஷ் என்று நினைத்து வேலையை அனுப்பிவிட்டார். திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கிறது, வண்டியைக் காணோம். மூன்று நாள் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது வேற எக்செல்லு போலக்குது பெரிம்மா” என்றார்.

பிறகுதான் குரல் வேலை வந்தது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்களாம். திரையில் வருகிற வாக்கியத்தைப் படித்து, பதிவு செய்து அனுப்ப வேண்டும். முந்நூறு வாக்கியம். பின்னால் வேறு சத்தம் மட்டும் கேட்கக் கூடாது.

எங்கள் காம்பவுண்டுக்குச் சத்தமில்லாத நேரம் என்று ஒன்றைக் கடவுள் படைக்கவில்லை. கூட்ஸ் வண்டி போகும், கம்பெனிச் சங்கு ஊதும், தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும். நைனா ஒவ்வொன்றாக நிறுத்தப் பார்த்தார். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் போய், கூவாமல் விற்கச் சொன்னார்.

“மீனுதான் வாயத் தொறக்காது. நானும் தொறக்கலன்னா எவன்யா வாங்குவான்?” என்று அவள் கேட்டதும், அரைக் கிலோ எறா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஊரை மூட முடியாதென்று தெரிந்ததும் தன்னை மூடிக்கொள்ளத் தீர்மானித்தார். முதலில் அவர்கள் வீட்டு இரும்பு பீரோ. அதற்குள்ளிருந்து பேசினால், தண்ணீர் டேங்கில் விழுந்தவன் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. மறுநாள் என் வாசலில் வந்து நின்றார்.

“பெரிம்மா, ஒன் பீரோல கொஞ்சம் எடம் வேணும்.”

“இன்னா வைக்கப் போற?”

“என்னிய.”

என் பீரோ தேக்கு. என் அப்பா சீராகக் கொடுத்தது, ஆள் உயரம். பெற்ற பிள்ளைகளையே அதில் கைவைக்க விட்டதில்லை. ஆனால் அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் மறுக்க வாய் வரவில்லை.

“பொடவைங்க சத்தத்த முழுங்கிடும் பெரிம்மா” என்றார்.

“அதுங்களாவது முழுங்கட்டும். கட்டுனவ முழுங்கனதில்ல” என்று சாவியைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு, குளித்து, விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். “டூட்டிக்குப் போயிட்டு வரேன் பெரிம்மா” என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு பீரோவுக்குள் ஏறுவார். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து, “அரசர் மக்களின் குறைகளைக் கேட்டறிந்தார்” என்று ஒரு குரல் வரும். என்னைப் பார்க்க வந்த ஒரு சொந்தக்காரி அதைக் கேட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனவள் இன்றுவரை வரவில்லை.

அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. ஒரு முறை, ‘பின்னணியில் வயதான பெண்ணின் குரல்’ என்று காரணம் போட்டிருந்தார்கள். நான்தான், “நைனா, டீ ஆறுது” என்று சொல்லியிருந்தேன். ஆனால் பெரிய தகராறு வீட்டில் வந்தது. வீடு என்ற சொல்லில். திரையில் ‘வீடு’ என்றிருக்கும். அவர் வாயில் ‘ஊடு’ என்றுதான் வரும். ‘அவன் ஊட்டிற்குச் சென்றான்’ என்றால் எவன் ஒத்துக்கொள்வான்? முற்றத்தில் நடந்தபடி “வீடு, வீடு, வீடு” என்று ஜபம் செய்ய ஆரம்பித்தார். இரண்டாம் நாள் ஒரு புரோக்கர் வந்துவிட்டார்.

“வாடகைக்கா, லீஸுக்கா சார்? எத்தினி பெட்ரூம்?”

சாயங்காலம் பாப்பா போன் செய்வாள். “நைனா, எப்போ என்னிய ஊட்டுக்கு இட்டுகினு போவ?”

“வீடுன்னு சொல்லும்மா.”

“ஊடு!”

“செரி, ஊடு” என்பார். அன்றைய ஜபம் அத்தனையும் அதோடு போச்சு.

ஏப்ரல் முடிகிற சமயம், வாக்கியங்கள் பாதிக்குமேல் தேறியிருந்தன. ஒருநாள் உள்ளேயிருந்து, “குழந்தை தன் வீட்டில் நிம்மதியாக…” என்று கேட்டது.  மறுபடி, “குழந்தை தன் வீட்டில்…” ஒன்பது தரம் கேட்டேன். ஒரு தரம்கூடக் குழந்தை உறங்கவில்லை. கதவைத் திறந்து வந்தவரின் கண் சிவந்திருந்தது.

“பாச்சா உருண்ட நெடி பெரிம்மா” என்றார்.

புடவைக்கு நடுவில் பூச்சி வராமல் வைத்திருந்த உருண்டைகளை அன்றே எடுத்துப் போட்டேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாளும் கண் சிவந்துதான் வந்தார். சொல்லிக்கொள்ளச் சாக்கு இல்லாமல் போய்விட்டது.

முந்நூறும் தேறுவதற்குள் கெடு முடிந்து, அந்த வேலை மே மாதம் கையைவிட்டுப் போயிற்று. கடைசியாக ஒன்று வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் வயதானவர், படிக்காமல் தாங்கள் பேசுகிற மாதிரியே கால்மணி நேரம் பேச வேண்டும். பேசிப் பேசியே வளர்ந்தவள் நான், சரி என்றேன். அவர் பீரோவுக்குள், நான் முக்காலி போட்டு வாசல் மாதிரி திறந்த கதவுக்கு எதிரில். போனில் சிவப்பு விளக்கு எரிந்ததும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

“வணக்கம் அம்மா. தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது?” என்றார் அவர்.

“மிக்க மகிழ்ச்சி தம்பி. மழை நன்கு பொழிகிறது” என்றேன் நான். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது.

இரண்டு தரம் அனுப்பினோம். இரண்டு தரமும், இயல்பாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வந்தார். இஸ்திரிச் சட்டை இல்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் போனில் பதிவைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

“திங்கக்கெழமேலருந்து ஷிப்டுக்கு வரேன்னு மேஸ்திரியாண்ட சொல்ட்டேன் பெரிம்மா.”

“அப்போ பாப்பா?”

“அங்கியே படிக்கட்டும். இப்போ இன்னா?”

“இப்போ இன்னாவா? மூணு மாசமா என் பொடவைங்கள ஒன் வேர்வைல ஊறப்போட்டியே, இதுக்குத்தானா? இத மொதல்லியே சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு பீரோவப் பூட்டிக்கினு இருந்திருப்பேன்!”

“என்னிய இன்னா பண்ண சொல்ற? எனக்கு ஊடுன்னுதான் வருது. வீடுன்னு வர்லியே!”

“ஊடுன்னா மட்டும் மழைக்கு ஒழுவுதா? ஒம் பொண்ணு ஊட்டுக்கு இட்டுகினு போன்னுதானே கேக்குது? அதுக்கு இன்னா ஒன்னாட்டம் பேஜாரு?”

“ஒனக்கு இன்னா, மாசம் பொறந்தா வாடக வந்தா செரி!”

“யார்ரா வாடகையப் பத்திப் பேசறவன்? எழுந்து போடா வெளிய!”

“போறேன்!” என்றவர், கோபத்தில் இருக்கிற இடம் மறந்து பீரோ கதவை அறைந்து சாத்திக்கொண்டார். வெளியே வர அவருக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. எனக்குச் சிரிப்பு அடங்க அதற்குமேல் ஆயிற்று.

வேகத்தில், பதிவாகியிருந்த அந்தச் சண்டையையே அனுப்பிவிட்டார். சனிக்கிழமை பதில் வந்தது. எடுத்துக்கொண்டோம், இந்தப் பெரியம்மாவிடம் இன்னும் பேச்சு கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். கிடைக்குமாவாம்! பிறகு மீன்கார அம்மா, புரோக்கர் என்று எங்கள் பக்கத்துப் பேச்சையெல்லாம் பதிவு செய்து அனுப்பினார். மேஸ்திரியிடம், ஷிப்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், மாதாமாதம் வருகிற மாதிரி ஒரு வேலையும் கொடுத்தார்கள். மற்றவர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, எங்கே நடிக்கிறார்கள், எங்கே தொண்டை கம்முகிறது என்று குறிக்கிற வேலை. வசந்தி அன்றுதான் லட்டு வாங்கினாள்.

ஆரம்பாக்கம் போய்ப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆயாகிட்ட போறேன்” என்று ஆரம்பித்தாள். ஒரு வாரம் ஓயவில்லை. அங்கே மாமியார் சோறு இறங்காமல் கிடந்தாராம்.

“இவ்ளோ பாடுபட்டு இட்டாந்தா, என்னிய யாரோ பாக்குற மாரி பாக்குது பெரிம்மா” என்று என் முன்னால் உட்கார்ந்துவிட்டார் நைனா.   இழுக்கிற கயிறு ஒரு பக்கம் தளர்ந்தால் இன்னொரு பக்கம் இறுகத்தானே செய்யும். பிறகு சனிக்கிழமை தவறாமல் அவளை ரயிலில் கூட்டிப்போய் ஆயாவிடம் காட்டி வந்தார். மெள்ள மெள்ள நைனா மடியில் ஏறினாள். அதற்கப்புறம் என் வீட்டில்தான் குடியிருந்தாள் என்று சொல்ல வேண்டும். நாஷ்டா என்னோடு, சண்டை என்னோடு, தூக்கமும் என்னோடு.

இரண்டு வருடம் போனது. வசந்திக்கு வேப்பம்பட்டுப் பக்கம் நல்ல வேலை கிடைத்தது. போனார்கள். போகத்தானே வேண்டும்.

பத்தாம் நாள் நைனா போன் செய்தார்.

“பாப்பா ஒன்னியக் கேட்டு ஒரே அழுக பெரிம்மா. இன்னிக்குத்தான் நிறுத்துச்சு.”

“நல்லதாப் போச்சு. புள்ளைங்க அப்டித்தான்.”

“நீ எப்டி கீற?”

“எனக்கு இன்னா? ஜோரா கீறேன்.”

 காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்கிறார் என்று தெரிந்தது. குரலில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற மனிதரிடம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். அது தண்ணீர் விடுகிற நாளே இல்லை என்பது, என் காம்பவுண்டில் அத்தனை நாள் குடியிருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?