ஹவுசிக்கு ஓனர் யாரு?

அப்பா, அம்மா, கூடப்பிறந்த அண்ணன், தாய்மாமன், வீட்டுக்காரம்மா என்று அத்தனை பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போலீஸிடம் காட்டிக்கொடுத்தவள் நான். அடி, உதை எதுவும் இல்லை. மிரட்டல்கூட இல்லை. அந்த போலீஸ்காரர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். (வாய் எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் பெரிசு.)

அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். பால்காரர் அரை மணி லேட்டாக வந்தால் "ஒப்பந்த மீறல்" என்பேன். அம்மா என் பையைத் துழாவினால் "வாரண்ட் இருக்கா?" என்பேன். "இவள நர்ஸுக்குப் படிக்க வெச்சிருக்கலாம், ஊசியாச்சும் போட்டிருப்பா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

நாங்கள் கோலார் தங்க வயல்காரர்கள். சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தார். கொஞ்ச வருஷம் அங்கே இங்கே இருந்துவிட்டு, ஈஜிபுராவில் ஒரு பெட்ரூம் வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். தங்க வயலிலிருந்து தங்கம் ஒரு குண்டுமணிகூடக் கொண்டுவரவில்லை. ஹவுசியைக் கொண்டுவந்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண் போட்ட காய்களைப் பையில் குலுக்கி, ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூவுவார். மற்றவர்கள் தங்கள் டிக்கெட்டில் அந்த எண் இருந்தால் அடிக்க வேண்டும். முதலில் ஐந்து எண் அடித்தவருக்கு ‘ஜல்தி ஃபைவ்’, மொத்தமும் அடித்தவருக்கு ‘ஃபுல் ஹவுஸ்’. காலையில் சர்ச், அப்புறம் பிரியாணி, அப்புறம் ஹவுசி. எங்கள் ஞாயிற்றுக்கிழமையின் வரிசை இதுதான். டிக்கெட் பத்து ரூபாய். பரிசெல்லாம் அம்மா வாங்கி வைக்கும் பிளாஸ்டிக் சாமான். ஜல்தி ஃபைவுக்கு மக்கு (குளிக்கிற மக்கு, என்னைச் சொல்லவில்லை), ஃபுல் ஹவுஸுக்கு பக்கெட்.

மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா லலிதம்மாவும் இதில் சேர்த்தி. நாங்கள் குடிவந்த முதல் மாதமே "ஏன் இவ்வளவு சத்தம்?" என்று சண்டை போட இறங்கி வந்தவர், டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு எட்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் தவறவிட்டதில்லை.

ஸ்டான்லி அண்ணன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். புது மெஷினைப் பழகுவதற்காக அவனை இரண்டு மாதம் ஜெர்மனிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். எங்கள் வம்சத்தில் பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி போனவர்கள் உண்டு. பூமிக்கு மேலே பறந்தவன் ஒருத்தன் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுக்காவிட்டால் அவனுக்குப் பதில் வேறொருவன் போவான் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் முடிந்து, போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி. மற்ற வீடுகளில் போலீஸ் வரக்கூடாது என்று வேண்டுவார்கள். எங்கள் அம்மா வரவேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் எனக்குப் பரீட்சை நெருங்கியது. பாடம், சூதாட்ட விடுதிகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய சட்டம். நம்முடைய மாநிலச் சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. அன்று பிரியாணி சாப்பிடும்போது எனக்கு வாய் அரித்தது.

"அப்பா, நம்ம ஹவுசி சட்ட விரோதம், தெரியுமா?"

"இன்னாம்மா சொல்ற? யாரு போட்ட சட்டம்?"

"வெள்ளைக்காரன் போட்டது. ‘காமன் கேமிங் ஹவுஸ்’னு பேரு. ரெய்டு வரும்போது சீட்டோ, தாயக்கட்டையோ, ஆடற சாமான் எது அகப்பட்டாலும் அது சூதாட்ட விடுதின்னு வெச்சுக்கலாம். அங்க இருந்தவங்க எல்லாரும் ஆட வந்தவங்கதான். இல்லன்னா அத அவங்கதான் நிரூபிக்கணும். நடத்தறவருக்குத் தண்டனை இன்னும் ஜாஸ்தி."

அப்பா எலும்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எம்மா, சுரங்கத்துக் கிளப்புல ஒக்காந்து ஹவுசி ஆடினதே வெள்ளைக்காரன்தாம்மா! உங்க தாத்தா அங்க பட்லரு. ஆட்டத்தையும் கத்துக் குடுத்துட்டு, ஆடாதன்னு சட்டமும் போட்டுட்டா போனான்? இன்னா ஆளுடா அவன்!"

டேனியல் மாமாவுக்கு வேறு கவலை. "அப்ப ரம்மி?"

"ரம்மி மூளைய வெச்சு ஆடறது மாமா, அதுக்கு விலக்கு இருக்கு. ஹவுசி வெறும் அதிர்ஷ்டம்."

"அப்ப மூளை இல்லாதவன் ஆடினா உள்ள போவணும். நல்லா இருக்குதுமா உன் நியாயம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "கேஸ் ஆச்சுன்னா பாஸ்போர்ட்?" என்றான். "அவ்ளோதான்" என்றேன், தயிர்ப் பச்சடியைப் போட்டுக்கொண்டே. (அந்த வயதில் நான் இவ்வளவு ஈவிரக்கம் இல்லாதவள்.)

ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. மூன்று மணி இருக்கும். ஹாலில் பாய் விரித்து பன்னிரண்டு பேர். "எழுபத்தெட்டு! நம்ம ஸ்டான்லிக்குக் கல்யாணம் ஆவுற வயசு!" என்று அப்பா கூவும்போது காலிங்பெல் அடித்தது. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

காக்கிச் சட்டை. கையில் ஃபைல்.

பாஸ்போர்ட் விசாரணை என்று எந்த மனுஷிக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தலையை மட்டும் உள்ளே திருப்பி, "போலீஸ்! ரெய்டு!" என்று சீறிவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே நின்றேன்.

நாங்கள் பேசியது முழுக்கக் கன்னடத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். அவருடைய முதல் கேள்வியை மட்டும் அவர் சொன்னபடியே தந்தாக வேண்டும்.

"ஈ ஹவுசிகெ ஓனர் யாரு?"

கன்னடத்தில் ‘வீட்டுக்கு’ என்பதை ஆங்கில ஹவுஸை வைத்துச் சொன்னால் ‘ஹவுசிகெ’. ‘ஹவுசி ஆட்டத்துக்கு’ என்று சொன்னாலும் அதே ‘ஹவுசிகெ’தான். பாவம், அந்த மனுஷர் வீட்டு ஓனரைக் கேட்டார். எனக்கோ, ஆட்டத்தை நடத்துகிற அப்பாவைப் பிடிக்க வந்திருக்கிறார் என்று காதில் விழுந்தது. அப்பாவைக் காப்பாற்றக் களத்தில் இறங்கினேன்.

"ஓனர்னு யாரும் இல்ல சார்."

"ஓனர் இல்லையா? அப்புறம் எப்படி?"

"நாங்களே ஒத்துமையா பாத்துக்கறோம் சார்."

புருவத்தை உயர்த்தினார். எழுதிக்கொண்டார். "எத்தனை வருஷமா?"

"எட்டு வருஷமா. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சார்!"

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல ஒருத்தரும் கிடையாது. சத்தியமா!"

"அதானே! ரெண்டு தடவை வந்தேன், பூட்டிதான் இருந்துச்சு" என்று தலையாட்டினார். இத்தனை நாளாக நம்மை நோட்டம் விட்டிருக்கிறார்களா!

"இப்ப உள்ள எத்தனை பேர்?"

"பன்னெண்டு சார்."

"ஒரு பெட்ரூம் வீட்டுலயா?"

"ஹால்லதான் சார். தரையில."

அதையும் எழுதினார். பிறகு ஃபைலைப் பார்த்து, "ஸ்டான்லி இருக்காரா?" என்றார். யாரோ பெயரோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! அண்ணன் பெயர் கேஸில் வந்தால் ஜெர்மனி அம்போ.

"அப்படி ஒருத்தர் இங்க இல்லவே இல்ல சார்" என்றேன் கம்பீரமாக. அண்ணனுடைய பாஸ்போர்ட்டைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ‘அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஆட வந்தவர்கள்’ என்று நான் பிரியாணியோடு ஊட்டியிருந்தேன் அல்லவா? அங்கே இல்லாமல் போய்விடலாம் என்று அண்ணன் பின்சுவர் ஏறிக் குதித்திருக்கிறான். குதித்த இடம் பக்கத்து வீட்டு தண்ணீர் கேன் கடை. அடுக்கி வைத்த காலி கேன்கள் தடதடவென்று உருண்டன. போலீஸ்காரர் சந்துக்கு ஓடினார். எதிரே ஒரு காலில் செருப்போடு ஓடிவந்த அண்ணன் நேராக அவர் மார்பில் மோதினான்.

"யார்ரா நீ?"

"ஸ்டான்லி சார்." (பொய் சொல்லத் தெரியாதவன். வீட்டுக்கு ஒருத்தர் போதும் என்று கர்த்தர் விட்டுவிட்டார்.)

"எங்க ஓடற?"

"ஜெர்மனிக்கு சார்."

சத்தம் கேட்டு லலிதம்மா டிக்கெட்டும் பேனாவுமாக வெளியே வந்தார். "என்ன கலாட்டா? நான்தான் இந்த ஹவுஸ் ஓனர்."

"ஓனரே இல்லைன்னு இந்தப் பொண்ணு சொல்லுதே!"

லலிதம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "எட்டு வருஷமா என் வீட்டுல இருந்துட்டு, ஓனரே இல்லைன்னியா?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "சார், அவங்க ஆட வரல! சும்மா வேடிக்கை பாக்க வந்தாங்க!" என்றேன்.

"ஆட்டமா? என்ன ஆட்டம்?"

இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினேன். "நான் சட்டம் படிக்கறவ சார், எனக்கு எல்லாம் தெரியும். என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க. எங்கப்பாவ விட்டுடுங்க."

அவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்மா."

அண்ணன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவர் தான் எழுதியதை வாசித்தார். வீட்டுக்கு ஓனர் இல்லை. ஞாயிறு மட்டும் வருகிறார்கள். பன்னிரண்டு பேர் தரையில். விண்ணப்பதாரர் இங்கே இல்லை. போலீஸைக் கண்டதும் சுவர் ஏறி ஓட்டம். "இத அப்படியே அனுப்பினா, பாஸ்போர்ட் என்ன, ரேஷன் கார்டுகூடக் கிடைக்காது" என்றார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பட்ட வெட்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. நடந்ததை எல்லாம் முதலிலிருந்து கொட்டினேன், அழுதுகொண்டே.

அந்த நேரத்தில் ஹாலில் இருந்த அப்பா மன்றாட எழுந்தார். அதுவரை காய்களின் மேலேயே உட்கார்ந்திருந்தவர் எழுந்ததும், லுங்கி மடிப்பிலிருந்து தொண்ணூறு காயும் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்று உருண்டு வந்து போலீஸ்காரரின் பூட்ஸில் முட்டி நின்றது. அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார்.

"அட, ஹவுசி! எங்க குவார்ட்டர்ஸ்லயும் விழான்னா இதான்." பிறகு அம்மாவிடம், "இதுல உங்களுக்கு ஏதாவது லாபம் வருதா?" என்று கேட்டார்.

"எங்க சார் லாபம்? பக்கெட் வாங்கவே பத்தல" என்றாள் அம்மா, பல நாள் குறையைக் கொட்டுகிறவள்போல.

அவர் என் பக்கம் திரும்பினார். "லாபத்துக்காக நடத்தினாத்தான்மா கேமிங் ஹவுஸ். உன் புத்தகத்துல அடுத்த பக்கமும் இருக்கும், படிச்சுப் பாரு." சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் லலிதம்மா சிரித்தார், அப்புறம் மொத்த ஹாலும். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக எழுதினார். சாட்சிக் கையெழுத்து, ஒன்று லலிதம்மா. இன்னொன்று தண்ணீர் கேன் கடைக்காரர், கேன்களையெல்லாம் அண்ணன் திரும்ப அடுக்கிக் கொடுத்த பிறகு.

டேனியல் மாமா ஒருவருக்குத்தான் கடைசிவரை மனசு ஆறவில்லை. தடயத்தை அழிப்பதாக நினைத்து டிக்கெட்டை மென்று விழுங்கியிருந்தார். ஃபுல் ஹவுஸுக்கு ஒரே ஒரு நம்பர்தான் பாக்கியாம். அந்த பக்கெட் தனக்குத்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

வியாழக்கிழமை பாஸ்போர்ட் வந்தது. அண்ணன் பறந்தான். நான் அடுத்த பக்கத்தையும் படித்துப் பாஸ் பண்ணி, வக்கீலும் ஆகிவிட்டேன். ஆனால் வீட்டில் காலிங்பெல் அடித்தால் கதவைத் திறக்கும் உரிமை எனக்குப் பறிபோய்விட்டது. இதற்கு அப்பீலும் கிடையாது.

போன மாதம் என் பாஸ்போர்ட்டுக்காக ஒரு போலீஸ்காரர் வந்தார். அம்மா என்னைப் பெட்ரூமில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். முப்பத்து மூன்று வயது, கோர்ட்டில் வாதாடுகிறவள், கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னாள். ஓனர் பெயர், எத்தனை வருஷம், எத்தனை பேர். எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசியாக அவர், "ஜான்சிங்கறவங்க எங்க?" என்று கேட்டார்.

"உள்ளதான் இருக்கா சார்" என்றாள் அம்மா, நிதானமாக. "போலீஸ் வந்தா அவள நாங்க வெளிய உடறதில்ல."

அப்புறம் பேனா மூடியைத் திறக்கிற ‘டிக்’ கேட்டது.