கத்தரிப் பாத்தியில் நின்ற மாப்பிள்ளை

மட்டக்களப்பு வாவியைக் குடத்தில் அள்ளிப் பத்திரப்படுத்தச் சொல்லியிருந்தால், எங்கள் சொட்டர் மறுபேச்சுப் பேசாமல் குடம் எடுக்க வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானாலும் முகம் வாடுகிற மனிதர் என்பதால் வந்த பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு அவருடையது. கோடையில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தெருவில் எல்லாக் கிணறும் உவர்த்துவிடும். சொட்டரின் கிணறு மட்டும் இளநீராய் இனிக்கும். கேட்டவருக்கு அவர் இல்லையென்று சொன்னதே கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"எதுக்குகா தண்ணி?" என்றார் ஒருநாள், குடத்தோடு வந்த எதிர்வீட்டுப் பெண்ணிடம்.

"குடிக்க மாமா."

"ஆரு குடிக்க?"

"என்ட மனிசன்தான்."

"அவன் குடிச்ச பிறகு?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். சொட்டர் விடவில்லை. "அவனத் தென்னைக்குக் கிட்டப் போகச் சொல்லுகா" என்று வேலிவரை வந்து சொல்லி அனுப்பினார்.

அவர் குளிப்பதும் அப்படித்தான். இன்று வாழையடி, நாளை முருங்கையடி. விருந்தாளிகளுக்கும் இடம் ஒதுக்குவார்: பருத்தவருக்குத் தென்னை, மெலிந்தவருக்கு மிளகாய்க் கன்று. மிளகாயடி கிடைத்த என் சித்தப்பா அதன் பிறகு அந்த வளவுக்குள் காலே வைக்கவில்லை.

"நான் செத்தாலும் இந்த மனிசன் என்ன வாழைக்குக் கீழ வச்சுத்தான் குளிப்பாட்டுவாரு" என்று ஒருமுறை அவர் மனைவி எல்லோர் முன்னாலும் சலித்துக்கொண்டார்.

சொட்டர் சிறிது யோசித்தார். "வாழைக்குத் தேவையில்ல. மாதுளைக்குத்தான் தண்ணி காணாம இரிக்கு."

இந்த மனிதரிடம்தான் என் அக்காவின் கல்யாணத்துக்குத் தண்ணீர் கேட்டுப் போனார் அப்பா. கச்சான் மும்முரமாக வீசிய காலம். "ஊருக்கே சமையுங்க, நான் தாறன்" என்றார் சொட்டர். "ஆனா கல்யாண வீட்டுத் தண்ணிக்குப் பொறுப்பு நான்தான்." அப்பா வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் கொக்கட்டிச்சோலைக்காரர். மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே வட்டவிதானை, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் அதிகாரம் உள்ளவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய கோபம். தோணிகளில் வாவியைக் கடந்து மேளதாளத்தோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்குக் கால் கழுவ நான் செம்போடு வாசலில் நின்றேன். கால் வைக்கும் பலகையைத்தான் காணவில்லை.

"இஞ்சால வாங்க மாப்பிள்ளை" என்று ஒரு குரல். சொட்டர் மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்து எங்கள் கத்தரிப் பாத்திக்குள் அழைத்துப் போனார். பலகை அங்கே இருந்தது. பட்டு வேட்டியைக் கத்தரி முள் பிடித்து இழுக்க, மாப்பிள்ளை பேந்தப் பேந்த விழித்தபடி பலகையில் ஏறி நின்றார். மேளம் நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள்.

வட்டவிதானையாரின் மீசை துடித்தது. "என்ட மகனக் கத்தரிக்குப் பசளையாப் போடவா கூப்பிட்டீங்க? தோணியத் திருப்புங்கடா."

உள்ளே அக்கா விம்மத் தொடங்கினாள். அப்பா கைகூப்பியபடி விதானையாரிடம் ஓடினார். சொட்டர் மட்டும் அசையவில்லை.

"கோவிக்காதீங்க விதானையார். மாப்பிள்ளைட கால் கழுவுற தண்ணி இந்தப் பாத்தி நிறைஞ்சு, அந்த வாய்க்காலால வாழைக்குப் போகும். ஒரு சொட்டு வீணாகாது."

விதானையார் வேண்டாவெறுப்பாக வாய்க்காலைப் பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

"போகாது. சரிவு காணாது."

"போகும்."

"அந்த மூலையில தேங்கும் காணும். ஊத்துங்க தம்பி, பாப்பம்."

நான் ஊற்றினேன். தண்ணீர் மூலைவரை போய் நின்றது. "சொன்னனா?" என்று விதானையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, சிரட்டையால் மண்ணைக் கிண்டத் தொடங்கினார். சொட்டர் அவருக்கு எதிரே குந்தினார். வாழ்நாளில் முதன்முறையாக, "இன்னொரு குடம் கொண்டாங்க" என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளையின் கால்விரல்கள் ஊறிச் சுருங்கிவிட்டன.

"முகூர்த்தம் போகுது" என்றார் பந்தலில் இருந்து ஐயர்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. வாழைக்குக் கிட்டப் போயிற்று" என்றார் விதானையார், தலை நிமிராமலே.

"அப்பா, நான் இனிப் போகட்டா?" என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டார்.

"அசையாத. நீ அசைஞ்சா வரம்பு உடையும்."

ஒருவழியாகத் தண்ணீர் வாழையடியைத் தொட்டது. கிழவர்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை சேற்றுக் காலோடு ஓடிப்போய்த் தாலி கட்டினார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்கிவிட்டார். மகனைப் பார்க்க வருகிறேன் என்று விதானையார் அடிக்கடி தோணி ஏறி வருவார். வந்தால் நேரே சொட்டர் வளவுக்குத்தான் போவார். பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வேலிப் படலையில் நின்று, "மகன் சுகமா?" என்று கேட்டுவிட்டுத் தோணிக்கு நடப்பார்.

சொட்டர் கண்மூடி நெடுங்காலமாகிவிட்டது. மாரி கொட்டும்போது கூரைத் தண்ணீரெல்லாம் தெருவழியே வாவிக்கு ஓடுவதைப் பார்க்கிறேன். எப்படியாவது அவரை எழுப்பி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.