கட்டிலுக்கு வைத்த பச்சை பல்பு

வாழ்நாளில் நான் ஒரே ஒரு பொருளைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அது என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

இரண்டாயிரத்தின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் தெற்கத்திப் பையன்கள் மூன்று பேர் இருந்தோம். எனக்குக் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை (கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்ததால் விஞ்ஞானி என்று நினைப்பு). செல்வியோடு நிச்சயம் முடிந்திருந்தது. போன் வந்தால் கீழ்வீட்டு வசந்தா அக்காவுக்குத்தான் வரும். நான் இருக்கிறேனா என்று பார்க்க அவர் மாடியேற வேண்டும்.

"முட்டி வுட்டுப்போச்சு தம்பி" என்றார் ஒருநாள்.

விடுவேனா? கழித்துப்போட்ட ஸ்விட்ச் ஒன்றை மெத்தைக்கு அடியில் வைத்து, ஒயரை இழுத்து, அக்காவின் போன் பக்கத்தில் பச்சை பல்பு மாட்டினேன். நான் படுத்தால் எரியும், எழுந்தால் அணையும். "பல்பு பொய் சொல்லாதுக்கா" என்று பெருமை வேறு.

மறந்தது ஒன்றைத்தான். மூன்று பேருக்கும் அந்த ஒரே கட்டில். நான் காலை ஷிப்டுக்குக் கிளம்பினால், நைட் முடித்து வரும் முருகன் அதில் விழுவான். அந்த மெத்தை சூடு ஆறி நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் செல்வியின் அப்பா தொடர்ந்து மூன்று நாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார். வசந்தா அக்கா பல்பைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

"கீறாரு சார். பல்பு எரியுது. கூப்ட்டாலும் எழுந்துக்கல, படுத்துகினே கீறாரு."

அவருடைய மூத்த மருமகன் வேலை இருப்பதாகப் பொய் சொல்லிப் பெண்ணைக் கட்டியவர். நானும் அந்த ரகம்தான் என்று மாமா பயந்துபோய், சம்பந்தத்தை முறிக்கும் முடிவோடு ராத்திரி பஸ் பிடித்துவிட்டார்.

மறுநாள் நான் கிரீஸ் சட்டையோடு திரும்பியபோது, அறை வாசலில் கவிழ்த்த பக்கெட் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். போர்வையை இழுத்து முருகனை எழுப்பி, எல்லாம் கேட்டுவிட்டு, அவனை மறுபடி படுக்கவும் வைத்திருக்கிறார்.

"மெதுவாப் பேசும் மாப்ள, பையன் தூங்குதான்."

கொஞ்ச நேரம் என் சட்டையையே பார்த்தார்.

"மூணு பேருக்கு ஒத்தக் கட்டிலா? வைய வந்தேன் மாப்ள. வாய் வரல."

அன்றைக்கு அவர் மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

சீர்வரிசையில் அகலமான தேக்குக் கட்டில் ஒன்று வந்தது. இருபது வருஷமாகியும், செல்வி கூப்பிட்டு நான் போனை எடுத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி மாறவில்லை.

"பல்பு எரியுது சரி. படுத்திருக்கது யாரு?"