உள்ளர்த்தம் வரைந்த ஆமை

மாத்தளை மாவட்டத்திலேயே அர்த்தமில்லாமல் ஒரு கோடுகூடப் போட்டறியாத மனிதர் ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். அதை யாரும் தேடவில்லை. லக்கலயிலிருந்து இரத்தோட்டை வரை எல்லோருக்கும் அவர் 'உள்ளர்த்தம்' அண்ணன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடை. அங்கே போட்டோகொப்பி எடுப்பதும் டைப் அடிப்பதும் என் வேலை. மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவர் இருப்பார். மேசையில் ஒரு கறுப்புப் பலகை. அதன்மேல் பேனாவை இழுத்தால் திரையில் படம் வரும். கல்யாணக் கார்டோ கடைப் பெயர்ப்பலகையோ, எது கேட்டாலும் ஏதாவது நீதிக்கதையிலிருந்து ஒரு மிருகம் இறங்கிவந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். "இதுக்கு என்னா அர்த்தம்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "உக்காருங்க, சொல்றேன்" என்பார். வில்கமுவ பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பலர். அடுத்த பஸ் வரும்வரை அர்த்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

கோழிக்கடை நானா ஒருவர் பெயர்ப்பலகை கேட்டார். இவர் கோழிக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் நரியை வரைந்து கொடுத்தார்.

"யா அல்லாஹ்! கோழிக்கடைக்கு நரிய எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"அந்த நரி நாமதான் நானா. கும்புட்டுட்டே திங்கிறோம்ல?"

"எனக்கு ஒரு கோழி வரைஞ்சா போதும். உசிரோட இருந்தாலும் சரி, உரிச்சதா இருந்தாலும் சரி."

பிறகு பிரதேச சபைத் தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளருக்கு, பூனைகளுக்கு அப்பம் பங்கிடும் குரங்கைப் போஸ்டராக வரைந்தார். வேட்பாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எதிர்க்கட்சிக்காரன நல்லாக் கொரங்காக்கிட்டீங்க!" என்று ஊர் முழுக்க ஒட்டினார். ஊரில் அதன் அர்த்தம் புரியாதவர் அவர் ஒருவர்தான். தோற்ற பிறகும் புரியவில்லை என்று கேள்வி.

இப்படி ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், என் கல்யாணத்தில் வகையாக மாட்டிக்கொண்டேன்.

அவளும் நானும் ஒரே இரத்தோட்டை பஸ்ஸில்தான் வேலைக்கு வருவோம். பெயர் கேட்கவே எனக்கு நான்கு வருடம் ஆனது. அவளுடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் காதல் என்பது கெட்ட வார்த்தை. ஆகவே அவளுடைய முகவரியைத் தரகரிடம் நானே கொடுத்து, அவரே தேடிக் கண்டுபிடித்ததுபோல இரண்டு வீட்டுக்கும் சொல்லவைத்தேன். பெண் பார்க்கப் போன அன்று, முன்பின் தெரியாதவர்கள்போல இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களையும் தரகரையும் தவிர உண்மை தெரிந்தவர், தினமும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த உள்ளர்த்தம் அண்ணன் மட்டுமே.

கல்யாணக் கார்டு அவருடைய அன்பளிப்பு. எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன். படத்தை அச்சாகிற வரைக்கும் கண்ணில் காட்டவில்லை. கார்டுக் கட்டை நேரே பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை கணக்கப்பிள்ளை கடைக்கு வந்தார். கையில் குடை, கக்கத்தில் கார்டுக் கட்டு.

"இது என்னா?"

எட்டிப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் ஆமை, வாயில் மாலையைக் கவ்விக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. முயலோடு ஓடி ஜெயித்த அந்த ஆமை நான்தான். அண்ணன் அதை நினைத்துத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிற மனுஷனுக்கு, மகள் கல்யாணக் கார்டில் அதைக் கண்டால் எப்படி இருக்கும்?

"ஆமை எதுக்கு? பஸ்ஸு எதுக்கு? என்னா அர்த்தம்னு இப்பவே சொல்லணும். மனசுக்குச் சரியாப் படலன்னா கல்யாணத்த நிப்பாட்டிருவேன்!"

வாழ்நாளெல்லாம் அண்ணன் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. அவர் வாயைத் திறந்து பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் நான்கு வருடமும் வெளியே கொட்டிவிடும். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். என் கையிலிருந்த தாள்கள் கீழே விழுந்தன.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "அர்த்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. கும்பந்தான் வரைஞ்சேன். கால் மொளைச்சிருச்சி."

"அப்ப பஸ்ஸு?"

"அது மணவறைங்க. எனக்குச் சரியா வரைய வராதுங்க."

போட்டோகொப்பிக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கோழிக்கடை நானாகூட அன்று அங்கே இருந்தார். ஒரு கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வரைய வராதவனுக்கு எதுக்குய்யா இந்த வேல?" என்றார் கணக்கப்பிள்ளை.

"மன்னிச்சிக்கங்க ஐயா."

அன்றே இரண்டு குத்துவிளக்கும் ஒரு கும்பமும் போட்டுப் புதுக் கார்டு வரைந்தார். யாரும் அர்த்தம் கேட்கவில்லை. எங்கள் கல்யாணமும் நடந்தது.

பழைய கார்டில் ஒன்று எங்கள் அலுமாரியில் இருக்கிறது. மாமனார் வரும் நாளில் அது சேலைகளுக்கு அடியில் போய்விடும். ஊரெல்லாம் கேட்க அண்ணன் 'வரைய வராது' என்று சொன்னது நினைவுக்கு வந்தால், இன்றும் அதை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

எங்கள் மகளுக்குப் பெயர் வைத்த அன்று அண்ணன் ஒரு படத்தோடு வந்தார். அதே ஆமை, பின்னால் ஒரு குட்டி ஆமை. மாமனார் புறப்பட்டுப் போகட்டும் என்று காத்திருந்து, "இதுக்கு என்னா அர்த்தம்ணே?" என்று என் மனைவி கேட்டாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு மணி நேரம் சொன்னார். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவே இல்லை.