அடிக்கக் கூடாத கொசு

கஸ்ஸலா நகரத்துக் கொசுக்களுக்கு நற்காலம் பிறந்தது. ஷேக் கரமல்லா எழுந்தருளிவிட்டார். வேப்பிலைச் சாற்றில் வெள்ளியைத் தூளாக்கி, அத்தூளையும் தூளாக்கி, கண்ணுக்கே புலப்படாத ‘நானோ’ நீராக்கியதாகவும், அது கொசுவையும் காய்ச்சலையும் ஒழிக்கும் என்றும் சொல்லி அவர் விற்ற குப்பியைக் கழுத்தில் அணியச் சந்தைத் தெரு கொள்ளாத கூட்டம். வீட்டுத் தண்ணீர்ப் பானையில் சில துளி, மீதி குப்பியோடு மார்பில். விதிகள் எளியவை. பானையைக் கழுவலாகாது, நானோ கோபித்துக்கொள்ளும். கொசுவை அடிக்கலாகாது, அடித்தவன் நம்பிக்கையற்றவன்.

ஆகவே அடியார்கள் முகமெல்லாம் கொசு மொய்க்க அசையாது அமர்ந்திருந்தனர். சிலைக்கும் அவர்களுக்கும் ஒரே வேற்றுமை: சிலைக்குக் காய்ச்சல் வருவதில்லை.

அடியார்களில் ஒருவனான ஓகிருக்கு வந்தது. எலும்பெல்லாம் நொறுங்குவதாக அலறும் கணவனருகே ஸித்தானா குப்பியைத் தடவிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் அந்த வேப்பிலை வெள்ளி நீரை உண்மையாகவே ஆராயும் அவள் அக்காள் இக்லாஸ் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி, இது தண்ணிப் பானையா, கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியா? கவுத்துக் கொட்டுடி! இவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ!”

“டாக்டர்கிட்ட போனா நானோ செத்துடுமாம்க்கா. என் புருஷன் பொழைக்க வேணாமா?”

“சரி, ரெண்டு கிளாஸ் கொண்டா.”

பானையிலிருந்த கொசுப் புழுக்களும் அவற்றின் கூடுகளும், ஒரு கிளாஸில் ஷேக்கின் தெளிந்த நீரிலும் மற்றொன்றில் இக்லாஸ் தன் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பழுப்பு நீரிலும் விடப்பட்டன.

மறுநாள் ஓகிரை ஆசீர்வதிக்க ஷேக் பரிவாரத்தோடு வந்தார். இக்லாஸ் இஞ்சி தட்டிப் போட்டுக் காபி காய்ச்சினாள். தொடங்கிய காபியை மூன்று கோப்பை பருகாமல் எழுந்தால், அவ்வூரில் அது வீட்டாரைக் காறித் துப்பியதற்கு ஒப்பு. முதற்கோப்பை உள்ளே போன பின்னரே ஷேக் தம்முன் இருந்த கிளாஸ்களைக் கண்டார். பழுப்பு நீரில் யாவும் மாண்டு கிடந்தன. ஷேக்கின் நீரிலோ திருவிழா.

“பாருங்க, மரண வேதனையில துடிக்குதுங்க!” என்றார் ஷேக்.

“நேத்துலேருந்தா? கொழுத்துல்ல போயிருக்கு!” என்றாள் இக்லாஸ்.

“எனக்கு வெளிய வேலை கிடக்கும்மா...”

“இன்னும் ரெண்டு கோப்பை இருக்கே. உக்காருங்க.”

அவ்வேளை, அவரது புனித நீரில் மிதந்த கூடொன்று பிளந்தது. இன்னும் கடிக்கக்கூடப் பழகாத பச்சிளங்கொசு ஒன்று வெளிவந்து, சற்றே இளைப்பாறி, பறந்துபோய் ஷேக்கின் மூக்கில் பக்தியோடு அமர்ந்தது.

பளார்!

அறைந்தது ஷேக்கின் கையேதான்.

கட்டிலிலிருந்து ஓகிர் தலை தூக்கினான். “நான் அடிக்காம கடி வாங்கிப் படுத்துட்டேன். நீங்க மட்டும் அடிக்கிறீங்களே, ஷேக்கு?”

மறுகணம் வீடெங்கும் பளார், பளார் என்ற ஓசை. அடியார்கள் அத்தனை பேரும் தத்தம் கன்னங்களில் அறைந்துகொண்டிருந்தனர். அந்த அமளியில் ஷேக் கோப்பையோடு ஓடிப்போனார்.

ஸித்தானா பானையைக் கவிழ்த்தாள். கணவனை மருத்துவமனைக்கு வண்டியேற்றினாள். “உன் தண்ணியப் பானையில ஊத்தவா அக்கா?”

“அது சாக்கடையில ஊத்துறதுக்குடி, குடிக்கிற தண்ணிக்கில்ல. பானையத் தேய்ச்சுக் கழுவி மூடு, போதும்.”

அடியாரொருவர் பணிவோடு நெருங்கினார். “அம்மா, அந்தப் பழுப்புத் தண்ணியக் குப்பியில அடைச்சுத் தந்தீங்கன்னா, கழுத்துல கட்டிக்குவேன்.”

இக்லாஸ் பெருமூச்செறிந்தாள்.

“கழுத்துல என்ன கட்டலாம்னே பாக்குறீங்களே! கழுத்துக்கு மேல ஆண்டவன் ஒண்ணு வெச்சிருக்கான். அதை எப்பய்யா தெறப்பீங்க?”