இடி ஐயா வாயை மூடிய டிசம்பர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி ஐயாவைவிடச் சத்தமாகப் பேச இதுவரை ஆளும் பிறக்கவில்லை, லோரி ஹாரனும் வரவில்லை.

ரப்பர் தோட்டம் தோட்டமாகச் சுற்றும் மிஷனரி அவர். பிரிக்பீல்ட்ஸ் சபையில் ஜெபத்தைத் தொடங்கினால், மோனோரயிலில் போகிறவர்கள் ‘ஆமென்’ சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஸ்டேஷனில் இறங்குவார்கள். சண்டை போட்ட தம்பதிகளுக்கு ரகசியமாகப் புத்தி சொல்வார். அவர்கள் வீடு திரும்புவதற்குள் பூச்சோங்கில் இருக்கும் சம்பந்தி போன் பண்ணியிருப்பார்: “என்னமா, சமாதானம் ஆயிட்டீங்களாமே?”

அந்தத் தொண்டைதான் போன நவம்பரில் கட்டிக்கொண்டது. கிள்ளானில் ஒரு டாக்டரம்மா கேமரா விட்டுப் பார்த்தார். “வோக்கல் கார்ட்ல வீக்கம், ஐயா. புது வருஷம் வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. குசுகுசுன்னும் கூடாது. மீறினா, குரல் திரும்பாமலே போயிரலாம்.”

டிசம்பரில் பேசாத மிஷனரியா? கேரல் ரவுண்டு மாதமாயிற்றே! வீடு வீடாகப் பாடி, முறுக்கைக் கடித்து, ஆரஞ்சுத் தண்ணியைக் குடித்து ஓடுகிற மாதம். முதல் வீட்டில் ஐயா ஜெபித்து முடிப்பதற்குள் மூன்றாம் வீட்டில் பரிமாறி வைத்த மீஹூன் நூடுல்ஸ் ஆறிப்போகும். சபைக் கமிட்டி அவசரமாகக் கூடியது.

“தமிழாளுங்களே இல்லாத இடத்துக்கு அனுப்பிருவோம்லா,” என்றார் செயலாளர்.

கிள்ளான் துறைமுகத்தில் படகேறினால் கெத்தாம் தீவு. தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவர் வீடுகள், கார் கிடையாது, பலகைப் பாதையில் சைக்கிள்தான். காவலுக்கு நான். சபையில் கித்தார் வாசிக்கிறவன், வேலை தேடிக்கொண்டிருக்கிறவன், எதற்கும் முதலில் கையைத் தூக்குகிறவன்.

“நான் வந்தா, எனக்குப் பதில் சொல்லாம இருக்க மாட்டாரு,” என்றார் ஐயாவின் மனைவி. “அவரு குரல உன்கிட்ட ஒப்படைக்கிறேன் தம்பி.” கண்ணாடி ஜாடியில் போட்டுக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது.

தீவில் ஐயா கையால் பேசினார். கையும் சத்தம்தான். காப்பிக்கடையில் ‘சீனி வேண்டாம்’ என்று காட்டியதில் பக்கத்து மேசையின் மீன் உருண்டை சூப் கவிழ்ந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த நாளே அது நின்றது. கருவாடு விற்கும் சீன ஆன்டி ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “என்னா அண்ணே, நண்டு சாப்புட வந்தீங்களா?”

சுத்தமான தோட்டத்துத் தமிழ்! தெலுக் பங்லிமா காராங் பக்கம் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகளாம். கல்யாணம் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்தபின் தமிழ் பேச ஆளில்லையாம்.

“இவருக்குத் தொண்ட சரியில்ல ஆன்டி. பேசக்கூடாது.”

“அது இன்னும் நல்லதுலா! நான் பேசறேன், அவரு கேக்கட்டும்.”

பேசினார். அத்தனை வருஷத் தமிழையும் அவிழ்த்துவிட்டார். வாழ்நாளில் யாரையும் மூன்றாம் வாக்கியத்தை எட்டவிடாத ஐயா, தினமும் காலையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். ஆன்டி தன் அம்மா செத்துப்போனதைச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெபிக்க உதடு துடித்தது. நான் இருமினேன். அடக்கிக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் காலை. சின்ன வயதில் தோட்டத்து மாடு தன்னைத் துரத்திய கதையை ஆன்டி நடித்தே காட்டிக்கொண்டிருந்தார். கையை வீசி வீசிப் பின்னால் நடந்தார். பின்னால் பலகை முடிந்து, தடுப்பே இல்லாமல் கடல். நான் மும்முரமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா! பின்னால!”

கொக்குகள் கூட்டமாக எழுந்தன. தூரத்துப் படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். ஆன்டி விளிம்பில் ஒற்றைக் காலில் ஆடி, முன்பக்கமாகக் கருவாட்டுக் கூடையில் விழுந்தார்.

“ஐயோ அண்ணே, இவ்ளோ பெரிய கொரல வச்சிக்கிட்டா சும்மா உக்காந்திருந்தீங்க?”

ஐயா தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பேயோட்டப் போகும்போதுகூட அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்ததில்லை. அதன்பின் ஆன்டி கடைப்பக்கமே அவரை நான் விடவில்லை. புது வருஷம் வரை அறையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

டாக்டரம்மா மறுபடி கேமரா விட்டார். நெடுநேரம் பார்த்தார். “கத்துனீங்களா?”

நான் கையைத் தூக்கினேன். “ஒரே ஒரு தடவ, டாக்டர். கடல்ல விழப்போன ஆளுக்காக.”

“பொழச்சீங்க. வீக்கம் வடிஞ்சிருச்சு. மெதுவா ஏதாச்சும் சொல்லுங்க.”

ஐயாவின் மனைவி என் கையைப் பிடித்து நெரித்தார். ஐயா எச்சில் விழுங்கினார். வேதவசனம் வரும் என்று காத்திருந்தோம். கரகரப்பாக, ஆனால் அவர் குரலேதான் வந்தது:

“தம்பி... அந்த மாடு அக்காவ முட்டிச்சா, இல்லையா? கேக்காமயே வந்துட்டோமே.”

அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். பிரிக்பீல்ட்ஸ் வரை ஐயா காரில் பேசிக்கொண்டே வந்தார். ‘போதும் ஐயா’ என்று சொல்லும் வேலை இன்னும் எனக்குத்தான். அடுத்த சிக்னலில் சொல்லிக்கொள்ளலாம், அடுத்த சிக்னலில் சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.